மாணவரைக் கடல்கடந்த பயிற்சிக்கு அனுப்பும் ஒரு கண்டிச் சேவை: தொழில் வழங்குநர் தரப்பு மதிப்பீடு

கண்டி நகரில் இயங்கும் முகவர் நிலையம் ஒன்று, இலங்கைப் பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டு மாணவர்களையும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களையும் வெளிநாட்டு நிறுவனங்களின் உள்ளகப் பயிற்சிக்கும் தொடக்கநிலை வேலைகளுக்கும் தெரிந்தெடுத்து அனுப்பிவைக்கும் சேவையை நடத்தி வருகின்றது. மாலைதீவில் சுற்றுலா விடுதிகளை நடத்தும் எங்கள் நிறுவனம் கடந்த பருவத்துக்கான பயிற்சியாளர்களை இந்தச் சேவையின் வழியாகவே எடுத்தது. மனிதவளப் பிரிவின் சார்பில் அந்த வேலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை கவனித்தவள் என்ற முறையிலும், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து பேராதனையில் படித்தவள் என்ற முறையிலும் இந்த மதிப்பீட்டை எழுதுகின்றேன். ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு நிபந்தனை இருப்பதால் நிலையத்தின் பெயரை வெளியிட இயலாது. இதே முறையில் இயங்கும் நிலையங்கள் வேறும் இருப்பதால், இங்கே சொல்லப்படுபவை அவற்றை நாடும் தொழில் வழங்குநருக்கும் உதவக்கூடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். ஆவண வேலையில் இந்தச் சேவை வாங்கிய பணத்துக்கு முழுமையாகத் தகும். மாணவரைத் தேடித் தெரிவுசெய்யும் வேலையில் பாதிக்குக்கூடத் தகாது. மாணவரிடமிருந்து பணம் பெறும் வழக்கத்தைத் தொழில் வழங்குநர் ஒப்பந்தத்திலேயே தடுத்து வைக்காவிட்டால், முகவரின் செயலுக்குத் தன் பெயரைப் பறிகொடுக்க நேரிடும்.

சேவையின் அமைப்பு எளிமையானது. வெற்றிடங்களின் விபரத்தை நாம் கொடுத்தால், அவர்கள் விளம்பரம் செய்து, விண்ணப்பங்களைச் சலித்து, பட்டியல் ஒன்றைத் தருவார்கள். நாம் நேர்முகத் தேர்வு நடத்தித் தெரிவுசெய்தவர்களுக்கு வேலை அனுமதி, மருத்துவச் சோதனை, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, விமானச்சீட்டு ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆளொருவருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணத்தின் மூன்றிலொரு பங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போதும், எஞ்சியதைப் பயிற்சியாளர் வேலையில் சேர்ந்த பின்னரும் செலுத்த வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருவர் விலகினால் மாற்றாள் ஒருவரை இலவசமாகத் தருவதாக உறுதியளிக்கின்றார்கள். பெருந்தொகை பின்னால் நிற்பதால் ஆள் போய்ச் சேரும்வரை அவர்களுடைய அக்கறை குறையாது. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் அவர்களிடம் இருந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம் நடத்த முடியாது என்பதால், வெளிநாட்டு நிறுவனம் எதுவாயினும் பேச்சைத் தொடங்குமுன் அதன் இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பணியகத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

குறை ஆள்தேடலில் தொடங்கியது. மலையகத்துப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களையே முதன்மையாக எடுக்க விரும்புகின்றோம் என்று எழுத்திலே கேட்டிருந்தும், முதலில் வந்த பட்டியலில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் கொழும்பிலும் கண்டி நகரிலும் பெயர்பெற்ற பாடசாலைகளில் படித்தவர்கள். நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தவர் ஒருவரும் அதில் இல்லை. காரணத்தைத் தேடிப்பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. விளம்பரம் ஆங்கிலத்தில் மட்டும், நிலையத்தின் முகநூல் பக்கத்திலும் லிங்க்ட்இன் தளத்திலும் மட்டும் வெளியாகியிருந்தது. முதற்சுற்று நேர்முகம் வேலைநாள் முற்பகலில், விரிவுரை நடக்கும் நேரத்தில், காணொளி அழைப்பில் வைக்கப்பட்டிருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருக்கும் மாணவியொருத்தி மஸ்கெலியாப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில்) இருந்துகொண்டு இருபது நிமிடம் அறுபடாமல் காணொளியில் பேசுவதென்பது, அங்குள்ள தொலைபேசி அலைவரிசையை அறிந்தவர் எவரும் எதிர்பார்க்கக்கூடிய காரியமன்று. அழைப்பு இரண்டு முறை துண்டிக்கப்பட்டவர்களை "தொடர்பாடல் திறன் போதாது" என்ற குறிப்புடன் விலக்கியிருந்தார்கள்.

இதைவிடப் பாரதூரமானது, பேச்சு ஆங்கிலத்தின் சரளத்தையே தகுதியின் அளவுகோலாக அவர்கள் வைத்திருந்தமை. வெளிநாட்டுத் தொழில் வழங்குநருக்கு இதன் பின்னணி தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கின்றேன். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமானோர் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 வீதமானோர் மாவட்ட சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதமானோர் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டிலும் அனுமதிக்கப்படுகின்றனர். நுவரெலியா, பதுளை ஆகிய இரண்டும் அந்த ஒதுக்கீட்டைப் பெறும் மாவட்டங்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழ்மொழி மூலம் உயர்தரம் படித்து, இந்த வழிகளில் ஒன்றினூடாகப் பல்கலைக்கழகம் சென்ற மாணவர், ஏனையோருடன் ஒரே மண்டபத்தில் இருந்து, ஆங்கிலமொழி மூல விரிவுரைகளைக் கேட்டு, அதே வினாத்தாளுக்கு விடையெழுதியே இறுதியாண்டுக்கு வருகின்றார். எழுதச் சொன்னால் தெளிவாக எழுதுவார். அறிமுகமில்லாத ஒருவர் தொலைபேசியில் திடீரென்று "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் முதல் ஐந்து நிமிடம் தடுமாறுவார். பத்து நிமிட நேர்முகத்தில் அந்த ஐந்து நிமிடமே தீர்ப்பாகிவிடுகின்றது.

ஆகையால் முழு விண்ணப்பத் தொகுதியையும் கேட்டு வாங்கி, இரண்டாவது சுற்றை நாங்களே நடத்தினோம். முன்னலுவலகப் பயிற்சிக்கு விண்ணப்பித்தவர்களிடம், பெயர்களை நீக்கிய உண்மையான முன்பதிவுத் தாள் ஒன்றையும், அறை மாறிப் போனதால் கோபமுற்ற விருந்தினர் ஒருவரின் மின்னஞ்சலையும் கொடுத்து, அரைமணி நேரத்தில் தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடித்துப் பதில் எழுதும்படி கேட்டோம். கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு நாளின் விற்பனைச் சிட்டைகளும் அவற்றோடு பொருந்தாத கூட்டுத்தொகையும் கொடுக்கப்பட்டன. அதன் பிறகே நேர்முகம், அதுவும் அவர்கள் எழுதிய பதிலைப் பற்றியே. தம் கையால் செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது தயக்கம் பெருமளவு விலகிவிடுகின்றது. முகவர் நிலையம் கடைசி வரிசையில் வைத்திருந்த சிலர் இந்தச் சோதனையில் முன்னணிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று எங்கள் இரவுக் கணக்குச் சரிபார்ப்பைத் தனியாகவே கவனிக்கின்றார். இத்தகைய பணிச் சோதனையைத் தயாரிக்க ஒரு பிரிவுத் தலைவருக்கு ஒரு பிற்பகல் போதுமாகையால், முகவரிடம் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு நேர்முகத்துக்குப் போகும் நிறுவனங்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தேடலுக்கு முகவர் அவசியந்தானா என்ற கேள்வியும் இங்கே எழுகின்றது. 1942இல் கொழும்பில் தொடங்கி 1952இல் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்திலும், 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் தொழில் வழிகாட்டல் அலகுகள் உள்ளன. வெற்றிட அறிவித்தலை அவற்றின் ஊடாக மாணவருக்குச் சேர்ப்பிக்கக் கட்டணம் எதுவும் எங்களிடம் கேட்கப்படவில்லை. ஒப்பீட்டுக்காக அதே அறிவித்தலை அந்த வழியிலும் அனுப்பினோம். வேகம் குறைவு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்; கடிதம் பீடத்துக்குப் போய், துறைக்குப் போய், அறிவித்தற் பலகைக்கும் மாணவர் வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துசேர வாரக்கணக்காயிற்று. ஆனால் வந்த விண்ணப்பங்கள் வேறு தரத்தில் இருந்தன. துறையின் விரிவுரையாளர் ஒருவர் நான்கு ஆண்டுகளாகப் பார்த்துவந்த மாணவரைப் பற்றி எழுதும் நான்கு வரிகள், முகவர் நிலையம் விண்ணப்பதாரருக்கு இட்ட நட்சத்திரப் புள்ளிகளைவிட எனக்கு அதிகம் உதவின. ஊவா வெல்லஸ்ஸவில் விருந்தோம்பலும் சுற்றுலா முகாமைத்துவமும் சார்ந்த பட்டமும், தேயிலைத் தொழினுட்பமும் பெறுமதி சேர்த்தலும் சார்ந்த பட்டமும் வழங்கப்படுவதால், விடுதித் துறையினரும் பான வணிகத் துறையினரும் கண்டியோடு நின்றுவிடாமல் பதுளைவரை போய்வருவது வீண்போகாது. சமையலறைக்கும் உணவகத்துக்கும் ஆள் தேவையென்றால் பட்டதாரியைவிட, பண்டாரவளையில் உள்ள சுற்றுலா மற்றும் விடுதி முகாமைத்துவ நிறுவகத்தில் பயின்றவரே பொருத்தம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

தொழினுட்பப் பீட மாணவரைக் குறுகிய காலத்துக்கு எடுக்க விரும்பும் நிறுவனத்துக்கு வேறொரு பாதையும் உண்டு. 1948இல் தொடங்கிய ஐயெஸ்டே என்னும் மாணவர் பரிமாற்ற அமைப்பு, ஒரு நாடு எத்தனை பயிற்சி இடங்களைப் பிற நாட்டு மாணவருக்குத் தருகின்றதோ அதற்கீடாகத் தன் மாணவருக்கு இடம் பெறும் முறையில் இயங்குகின்றது. மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகையைப் பயிற்சி வழங்கும் நிறுவனமே கொடுக்க வேண்டும். அதே ஆண்டில் உருவான ஐசெக் அமைப்பு மாணவர்களாலேயே நடத்தப்படுவது. முகாமைத்துவம் சார்ந்த பயிற்சிகளுக்கு அது பரவலாகப் பயன்படுகின்றது. எங்கள் தேவைக்கு இரண்டும் பொருந்தாமையால் இதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

இனி, பணம். இரண்டாவது சுற்று நேர்முகத்தின்போது மாணவியொருத்தி, தான் ஏற்கனவே கட்டிய 25,000 ரூபா எந்தத் தவணையில் கழிக்கப்படும் என்று கேட்டாள். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படியொரு தொகையே இல்லை. விசாரித்தபோது, அது ஆட்சேர்ப்புக் கட்டணமன்று, நேர்முகத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பின் கட்டணம், விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று நிலையம் விளக்கம் தந்தது. அந்த வகுப்புக்குப் பணம் கட்டாத எவரும் முதற்பட்டியலில் இடம்பெறவில்லை என்பதை நாங்கள் சுட்டிக்காட்டிய பிறகு விளக்கம் நின்றுபோயிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 25,000 ரூபா என்பது, ஒரு தாய் பதினெட்டு நாட்களுக்கும் மேலாக மலையேறிக் கொழுந்து பறித்து ஈட்டும் தொகை. வேலை கிடைக்குமா என்று தெரியாத நிலையிலேயே அது கேட்கப்பட்டிருக்கின்றது.

மலையக வாசகருக்கு இதில் புதுமை எதுவும் இராது. நம் முன்னோரைத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த கங்காணி முறையில், வழிச்செலவும் முன்பணமும் ஆளின் பெயரில் கடனாகவே எழுதப்பட்டன. அந்தக் கடன் தீர்க்கப்பட்டால் தொழிலாளியை விடுவிக்கத் தோட்டம் சம்மதிக்கும் என்று காட்டும் "துண்டு" இல்லாமல் ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற முடியாதிருந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆளைத் தேடும் செலவை ஆள் தேவைப்படுபவர் சுமப்பதா, வேலை தேவைப்படுபவர் சுமப்பதா என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை நின்றுகொண்டிருக்கின்றது. சர்வதேசத் தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் இலக்கச் சமவாயம், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளரிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுமையாகவோ பகுதியாகவோ கட்டணம் அறவிடக்கூடாது என்பதையே பொது விதியாக வைத்து, விதிவிலக்குகளுக்குக் குறுகிய இடமே அளிக்கின்றது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டமும் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதைத் தடைசெய்கின்றது. "மறைமுகமாக" என்ற சொல்லின் கீழ்தான் பயிற்சி வகுப்பும், ஆவணக் கோவைக் கட்டணமும், "சுயவிபரம் திருத்தும் செலவும்" வருகின்றன. நாங்கள் எழுத்தில் கேட்ட பிறகு, பட்டியலில் இருந்தவர், இல்லாதவர் என்ற பேதமின்றிக் கட்டிய அனைவருக்கும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கொடுத்த பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் அனுப்பினார்கள். கேட்டதும் கொடுத்தார்கள் என்பதை அவர்கள் பக்கத்து நியாயமாகக் குறிப்பிட வேண்டியது என் கடமை. கேட்டிருக்காவிட்டால் கொடுத்திருக்கமாட்டார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆவணப் பகுதிக்கு வந்தால் என் குரல் மாறும். இந்த வேலையைக் கவனித்த உத்தியோகத்தர் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசக்கூடியவர், பொறுமைசாலி, எந்த அலுவலகத்தில் எந்தக் கரும்பீடம் என்று மனப்பாடமாக அறிந்தவர். மலையகத் தமிழ் மாணவரின் கோவையில் பெயர் பிரச்சினை வராதிருப்பது அபூர்வம். பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிய ஒரு வடிவம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, கடவுச்சீட்டில் அதே பெயர் குடும்பப் பெயராக. வேலை அனுமதி விண்ணப்பத்தை ஏற்கும் கணினிக்கு இவர்கள் நால்வர். எந்தப் பெயரைப் பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டும், எதற்குச் சத்தியக்கடதாசி போதும், எதற்குக் கடவுச்சீட்டையே மாற்ற வேண்டும் என்று முதல் வாரத்திலேயே ஒவ்வொரு கோவைக்கும் அவர் குறிப்பெழுதித் தந்தார். இதை வெளிநாட்டிலிருந்து ஒரு நிறுவனம் தானாகச் செய்ய முயன்றால் ஒரு பருவம் கழிந்துவிடும்.

விசாவிலும் அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். இலங்கையர் மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கின்றது. அதை வைத்துக்கொண்டு "முதலில் போய்ச் சேருங்கள், அனுமதி பிறகு வரும்" என்று ஆளனுப்பும் தரகர்கள் இருக்கின்றார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். பணியகப் பதிவின்றிப் போனவருக்கு அந்தப் பதிவுடன் வரும் காப்புறுதியும் இல்லை. ஏதேனும் நேர்ந்தால் தூதரகத்தின் ஏடுகளில் அவர் வெறும் சுற்றுலாப் பயணி. வேலை அனுமதி கைக்கு வராமல் எவரையும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அனுப்பமாட்டோம் என்று இவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அதனால் எங்களுக்குச் சில நாட்கள் தாமதம் ஏற்பட்டது. அந்தத் தாமதத்துக்கு அவர்களுக்கு நன்றி சொல்கின்றேன்.

இவர்கள் ஏனைய நாடுகளுக்கும் ஆளனுப்புவதாக விளம்பரம் செய்வதால், தொழில் வழங்குநருக்குத் தரும் நாட்டு விபரக் கைநூலையும் வாசித்துப் பார்த்தேன். அது கவனமாகத் தயாரிக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் ஜே-1 என்னும் பரிமாற்ற வருகையாளர் விசாவில் மாணவர் 18 மாதம் பயிற்சி பெறலாம் என்று அதில் எழுதியிருக்கின்றது. 18 மாதம் என்பது பட்டமும் தொழில் அனுபவமும் உள்ள பயிலுநர் வகைக்கு உரியது; படித்துக்கொண்டிருப்பவருக்கும் பட்டம் பெற்று 12 மாதம் கடவாதவருக்கும் உரிய உள்ளகப் பயிற்சி வகையின் உச்சவரம்பு 12 மாதம். அமெரிக்க அரசு அங்கீகரித்த அனுசரணை நிறுவனம் ஒன்றின் ஊடாகவே அந்த விசாவைப் பெற முடியும் என்பதையும் கைநூல் சொல்லவில்லை. சிங்கப்பூரில் தொழில்முறை, முகாமைத்துவப் பயிற்சிகளுக்கு வழங்கப்படும் அனுமதி (Training Employment Pass) 3 மாதத்துக்கு மேற்படாது, புதுப்பிக்கவும் முடியாது என்ற விபரமும் விடுபட்டிருக்கின்றது. மாலைதீவைப் பொறுத்தவரை இவர்களை நம்பலாம். வேறு நாடுகளுக்கு அந்தந்த நாட்டின் குடிவரவுத் திணைக்களம் வெளியிடும் விதிகளை நேரில் வாசித்துக்கொள்வதே உசிதம்.

காலக்கணிப்பில் அவர்களும் திணறினார்கள். மாலைதீவில் விருந்தினர் பெருகுவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகவே நவம்பரில் ஆட்கள் வேண்டும் என்று கேட்டோம், அவர்களும் சம்மதித்தார்கள். ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஒரே திகதியில் தொடங்கி ஒரே திகதியில் முடியும் கல்வியாண்டு என்று ஒன்று நடைமுறையில் இல்லை. பெருந்தொற்றுக் கால மூடல்களும், 2022இன் பொருளாதார நெருக்கடியும், வேலைநிறுத்தங்களும் ஒவ்வொரு பீடத்தின் நாட்காட்டியையும் ஒவ்வொரு விதமாகத் தள்ளிவிட்டிருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரு பீடத்தில் பரீட்சை நடக்கும்போது மற்றொன்றில் விடுமுறை. தெரிவான சிலருக்கு நவம்பரில் பரீட்சை இருப்பது விமானச்சீட்டு வாங்கும் வேளையிலேயே தெரியவந்தது. பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விடயம் இது. ஏப்ரலில் புதியவர்களைச் சேர்க்கும் ஜப்பானிய நிறுவனமானாலும், கோடைகாலப் பயிற்சி வைக்கும் ஐரோப்பிய நிறுவனமானாலும், தன் நிதியாண்டைப் பார்த்துத் திகதி குறிக்குமுன் பீடத்தின் பரீட்சை அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நியமனக் கடிதமும் புறப்பாட்டு விளக்கமும் இந்தச் சேவையின் மிகப் பலவீனமான பகுதிகள். விளக்கம் என்ற பெயரில் நடந்தது ஆங்கிலத்தில் ஒரு மணிநேரக் காணொளிக் கூட்டம். அதிலும் பெரும்பகுதி விமான நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது என்பதைப் பற்றியது. வேலை நேரம், ஓய்வு நாள், உதவித்தொகை எந்தத் திகதியில் எந்த வங்கிக் கணக்குக்கு வரும், விருந்தினரிடம் அறவிடும் சேவைக் கட்டணத்தில் பயிற்சியாளருக்குப் பங்கு உண்டா, திரும்பிவரும் விமானச்சீட்டு யாருடைய செலவு என்பன சொல்லப்படவில்லை. ஒரு விடுதி என்பது அங்கே பெரும்பாலும் ஒரு தனித் தீவு என்பதும், ஊழியர் குடியிருப்பும் அதே தீவில்தான் என்பதும்கூடச் சொல்லப்படவில்லை. மாலைதீவுச் சுங்க விதிகளின்படி வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுசெல்ல முடியாது. பயணப் பெட்டியில் முதலில் முருகனையோ அம்மனையோ வைத்து அனுப்பும் தாய்மாரிடம் இதை முன்கூட்டியே, மரியாதையாக, தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரையும் அழைத்து, தமிழில் ஒரு கூட்டத்தை நாங்களே நடத்தினோம். கேள்விகள் அனைத்தும் பெற்றோரிடமிருந்தே வந்தன. "மிஸ், பிள்ளை அங்க யாரோட தங்கும்? சுகமில்லாட்டி யாரு பார்ப்பாங்க?" என்று கேட்ட ஒரு தகப்பனுக்குப் பதிலாக, பெண் ஊழியர் விடுதியின் படங்களையும், தீவில் இருக்கும் மருத்துவரின் கடமை நேரத்தையும், ஏற்கனவே அங்கே வேலை செய்யும் பொகவந்தலாவைப் பெண்ணின் தொலைபேசி எண்ணையும் (அவருடைய சம்மதத்துடன்) கொடுத்தோம். அதற்கு முன்பு, தெரிவான மாணவியரில் சிலர் கடிதத்தில் கையொப்பமிடாமலேயே தாமதித்துக்கொண்டிருந்தார்கள். முகவர் நிலையம் அதை ஆர்வக் குறைவு என்று பதிவுசெய்திருந்தது. கூட்டம் முடிந்த மறுவாரமே கையொப்பமிட்ட கடிதங்கள் வந்துசேர்ந்தன.

போய்ச் சேர்ந்த பிறகு நிலையம் ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்தது, அவ்வளவுதான். பல்கலைக்கழகங்களில் கட்டாயத் தொழிற்பயிற்சியாக இதைச் செய்யும் மாணவர், நாளாந்தப் பதிவேடு எழுதி, மேற்பார்வையாளரின் ஒப்பமும் மதிப்பீட்டு அறிக்கையும் பெற்றுத் துறைக்குக் கொடுக்க வேண்டும். அந்த நடைமுறையை நிலையம் அறிந்திருக்கவே இல்லை. எங்கள் பிரிவுத் தலைவர்கள் மாணவர் நீட்டிய பதிவேட்டை முதலில் என்னவென்றே விளங்காமல் திருப்பிக் கொடுத்திருக்கின்றார்கள். இதற்கொரு நல்ல மாதிரி அமெரிக்க ஜே-1 நடைமுறையில் உள்ள டி.எஸ்-7002 என்ற பயிற்சித் திட்டப் படிவம்: பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கற்பிக்கப்படும், யார் மேற்பார்வை செய்வார், எவ்வாறு மதிப்பிடப்படும் என்று எழுதி, மூன்று தரப்பும் கையொப்பமிட வேண்டும். அமெரிக்காவுக்கு ஆளெடுக்காத நிறுவனமும் அந்தத் தலைப்புகளைப் பின்பற்றித் தன் திட்டத்தை எழுதலாம். நாங்கள் அவ்வாறு எழுதி, துறைத் தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்பத் தொடங்கியிருக்கின்றோம். பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதமும் துவாய் மடிக்க வைக்கும் வழக்கத்துக்கு இந்த ஒரு தாள் இடம்கொடாது.

இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், மலையகத்திலோ கொழும்பிலோ தன் ஆள் ஒருவரை வைத்திருந்து, தெரிவைத் தானே நடத்தக்கூடிய நிறுவனத்துக்கு ஆவண வேலைக்காகத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் முகவரிடம் ஒப்படைத்துவிட்டு ஆட்கள் வந்திறங்குவதை மட்டும் எதிர்பார்க்கும் நிறுவனத்துக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

நாங்கள் அடுத்த பருவத்துக்கும் இவர்களுடனேயே ஒப்பந்தம் செய்திருக்கின்றோம், ஆனால் வேறு நிபந்தனைகளில். அறிவித்தல் மும்மொழியிலும், தொழில் வழிகாட்டல் அலகுகளின் ஊடாகவும் வெளியாகும், தெரிவு எங்களுடையது. விண்ணப்பதாரரிடமிருந்து எந்தப் பெயரிலும் ஒரு ரூபா பெறப்பட்டாலும் ஒப்பந்தம் முறியும், பெற்ற தொகையின் இருமடங்கை நிலையம் மாணவருக்குச் செலுத்த வேண்டும். இந்த வாசகத்தை விளம்பரத்தின் அடியில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவும் சம்மதித்திருக்கின்றார்கள். தேடல் வேலை குறைந்ததால் ஆளொருவருக்கான கட்டணத்தில் ஐந்திலொரு பங்கைக் குறைத்தார்கள்; அந்த மிச்சம் ஹட்டன் கூட்டத்துக்கும், இம்முறை பதுளையிலும் நடத்தவிருக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றது.